எம், கே, செமிகோலன், கே, ஹெச்

சென்னையின் கணினிச் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில், இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாமவர் படியில் காத்திருக்க வேண்டிய அளவுக்கு ஒரு கடை. கடையிலிருந்த தம்பி திரையை என் பக்கம் திருப்பினார்.

"பாருங்க மேடம், மொத்தமும் கரப்ட். வெறும் ஜங்க்தான் வருது. டெலிட் பண்ணிட்டு மத்த ஃபைல் பார்க்கலாமா?"

திரை நிறைய ஆங்கில எழுத்துகள். எந்தச் சொல்லும் ஆங்கிலமில்லை. சிறிய எழுத்தும் பெரிய எழுத்தும் கலந்து, இடையிடையே எள் இறைத்தாற்போல அரைப்புள்ளிகள். அரைப்புள்ளி, அரைப்புள்ளி, மறுபடியும் அரைப்புள்ளி. அதைப் பார்த்ததும் என் வலது கைச் சுண்டுவிரல் தானாக அசைந்தது. ஒரு வரியின் தொடக்கத்தில் எம், கே, செமிகோலன், கே, ஹெச் என்று ஐந்து எழுத்துகள் நின்றன.

"தம்பி, தொடாதீங்க. இது ஜங்க் இல்ல. அம்மான்னு எழுதியிருக்கு."

தமிழ்த் தட்டச்சு படித்தவர்களுக்கு விளங்கியிருக்கும். அயனாவரத்தில் மாடிப்படிக்குக் கீழே இருந்த இன்ஸ்டிட்யூட்டில் 'யளனகப' என்று நாள் முழுக்க அடித்துப் பழகியவள் நான். நடு வரிசையில் இடது கைக்கு ய, ள, ன, க, ப. வலது கைக்குக் காலில் தொடங்கி த, ம, ட. கடைசியில் சுண்டுவிரலுக்கடியில் புள்ளி. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டும் பழைய எழுத்துருவான பாமினியும் அதே வரிசையைத்தான் பின்பற்றுகிறது. ஆங்கில விசைப்பலகையில் அந்தப் புள்ளி இருக்கும் இடத்தில் இருப்பது அரைப்புள்ளி. மெய்யெழுத்து இல்லாமல் தமிழில் ஒரு வரி எழுதுவது கடினம். ஆகவே பாமினியில் எழுதிய எந்தக் கோப்பையும் எழுத்துரு இல்லாமல் திறந்தால் அரைப்புள்ளிகள் கொட்டிக் கிடக்கும். அதுதான் அடையாளம்.

அந்தத் தம்பியைக் குறை சொல்லவே மாட்டேன். பொறுமையாக, பாதி நாள் உட்கார்ந்து பார்த்துக் கொடுத்தவர். 2000க்குப் பின் பிறந்தவர். தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி எண்கள் வைத்திருக்கும் யூனிகோடு மட்டுமே பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது குப்பையாகத்தான் தெரியும். ஆனால் அந்த மாலை முதல் எனக்கு ஒரு பயம் ஒட்டிக்கொண்டது. இதே தெருவில், இதே போன்ற மேசைகளில், எத்தனை பேருடைய தமிழ் "ஜங்க்" என்று அழிக்கப்பட்டிருக்கும்?

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

பெரியப்பாவுக்கு 81 வயது. பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் 1964இல் சேர்ந்தவர். தொழிற்சாலை 1955 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. பெட்டியின் உட்புற வேலைகளைச் செய்யும் ஃபர்னிஷிங் பிரிவு 1962இல் வந்தது. அதில் தச்சு வேலை அவருடையது. ஓய்வு பெற்ற பிறகு வேர்ட் 2000இல் பாமினி எழுத்துருவில் நினைவுகளை எழுத ஆரம்பித்தார். 2016இல் நான் புதுக் கணினி வாங்கிக் கொடுத்து, யூனிகோடுக்கு மாற்றினேன். அதன் பிறகு எழுதியது வேறு கோப்பு. அது வேலைத்தளத்துச் சொற்களின் அகராதி. இழைப்புளி, கொட்டாப்புளி, தூக்குக்குண்டு, மரை, ரசமட்டம் என்று அவர் கைபட்ட ஒவ்வொரு கருவிக்கும் பெயர், அதற்குத் தொழிலாளிகள் வைத்த செல்லப்பெயர், யார் அப்படிச் சொல்வார்கள், எப்போது சொல்வார்கள் என்றெல்லாம் எழுதிவைத்திருந்தார். இரண்டும் ஒரே 4 ஜிபி பென் டிரைவில். வேறு பிரதி இல்லை. பல தடவை சொல்லியும் நான் ஒரு பிரதி எடுத்து வைக்கவில்லை. அது என் தவறு.

பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போயிருக்கிறார். கடைக்காரர் பக்க அளவை மாற்றிச் சேமித்துக்கொண்டிருக்கும்போதே பென் டிரைவைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து சொருகியதும் கணினி, டிரைவில் கோளாறு இருக்கிறது, சரிசெய்யட்டுமா என்று கேட்டிருக்கிறது. யாராக இருந்தாலும் ஆமாம் என்றுதானே சொல்வோம்? அவரும் சொன்னார்.

அன்றிரவு போன் வந்தது. "ஏம்மா, ஃபைல் பேரு இருக்கு. தொறந்தா ஒண்ணும் இல்ல. நாப்பது வருஷத்த எழுதி வெச்சேன்மா."

மறுநாள் போய்ப் பார்த்தேன். அலை வடிவக் குறியும் டாலர் குறியும் முன்னால் ஒட்டிய ஒரு கோப்பு, அளவு 162 பைட். அதில் நினைவுக் குறிப்பு எதுவும் கிடையாது. ஒரு ஆவணத்தை யார் திறந்து வைத்திருக்கிறார் என்று வேர்ட் தனக்காகப் போட்டுக்கொள்ளும் சீட்டு அது. பெயர் ஏறக்குறைய அதேபோல இருப்பதால் நிறையப் பேர் அதையே தங்கள் கோப்பு என்று நினைத்து மனம் உடைந்துபோகிறார்கள். அதைப் பார்த்து அழவேண்டாம், அது வேறு.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று, செய்யவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இதே நிலையில் இன்று இருக்கும் யாராவது படித்தால் உதவும். எழுத்து போய்விட்டது என்று தெரிந்த நொடியிலிருந்து அந்த டிரைவில் எதையும் எழுதக் கூடாது. கோப்பை நகலெடுத்துத் திரும்ப அதிலேயே போடக் கூடாது, "சரிசெய்" என்ற பொத்தானை அழுத்தக் கூடாது, மீட்பு மென்பொருளை அதிலேயே நிறுவக் கூடாது. முதல் வேலை, டிரைவை முதல் பைட் முதல் கடைசி பைட் வரை அப்படியே ஒரு படிமமாக வேறு வட்டில் இறக்கிக்கொள்வது. லினக்ஸில் அதற்கு டிடிரெஸ்கியூ என்ற இலவசக் கருவி இருக்கிறது. படிக்க முடியாத இடத்தைத் தாண்டிப் போய், படிக்க முடிந்ததை முதலில் எடுத்துவிட்டு, விட்ட இடத்துக்குப் பிறகு திரும்பி வரும். அதன் பிறகு எல்லாச் சோதனையும் அந்தப் படிமத்தின் மேல்தான். மூலத்தை ஒரு உறையில் போட்டுத் தேதி எழுதி வைத்துவிடலாம்.

அழிந்தது என்று கணினி சொல்வதும் உண்மையில் அழிவதும் ஒன்றல்ல. பென் டிரைவ்களில் பரவலாக இருக்கும் ஃபேட்32 அமைப்பில், ஒரு கோப்பை அழித்தால் அதன் பெயரின் முதல் பைட் மாற்றப்படும், அது எந்தெந்தக் கட்டங்களில் இருந்தது என்ற சங்கிலி துடைக்கப்படும். கட்டங்களுக்குள் இருக்கும் எழுத்து, வேறு எதுவும் மேலே எழுதப்படும்வரை அங்கேயே கிடக்கும். கணினி "சரிசெய்த" போது, சொந்தக்காரர் தெரியாத சங்கிலிகளையெல்லாம் திரட்டி, ஃபவுண்ட்.000 என்ற மறைவான ஃபோல்டருக்குள் ஃபைல்0000.சிஎச்கே, ஃபைல்0001.சிஎச்கே என்று வரிசை எண் கொடுத்துப் போட்டிருந்தது. கண்டெடுத்த பொருள்களைக் காவல் நிலையத்தில் சீட்டு ஒட்டி வைப்பதுபோல.

சீட்டு போனாலும் கோப்பின் முகம் போகாது. பழைய டாக் வகை வேர்ட் கோப்பு என்றால் முதல் நான்கு பைட்டுகள் டி0, சிஎஃப், 11, ஈ0. டாக்ஃபைல் என்று படிக்கும்படி எண்ணையே எழுத்தாக்கி வைத்திருக்கிறார்கள். டாக்எக்ஸ் என்றால் பி, கே என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கும். கோப்புகளைச் சுருக்கிக் கட்டும் ஜிப் முறையை உருவாக்கிய ஃபில் காட்ஸின் முதலெழுத்துகள் அவை. வேர்ட் 2007 முதல் வந்த ஒவ்வொரு டாக்எக்ஸும் உண்மையில் ஒரு ஜிப் பெட்டிதான். நோட்பேடில் திறந்து முதல் வரியைப் பார்த்தாலே போதும். எண்ணிட்ட அந்தக் கோப்புகளில் ஒன்று பி, கே என்று தொடங்கியது.

அகராதி அதில்தான் இருந்தது. ஆனால் வேர்ட் திறக்க மறுத்தது. காரணம் எளிது. ஜிப் பெட்டியின் பொருளடக்கம் கடைசியில் இருக்கும். பெட்டியின் வால் அறுந்திருந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று வேர்டுக்குத் தெரியாது, மொத்தத்தையும் கெட்டது என்று தள்ளிவிடும். உள்ளே ஒவ்வொரு சிறு கோப்புக்கும் முன்னால் அதனதன் பெயர்ச்சீட்டு தனியாக இருக்கிறது. எழுத்து முழுவதும் டாக்குமென்ட்.எக்ஸ்எம்எல் என்ற ஒன்றில்தான். அது பெரும்பாலும் பெட்டியின் முன்பகுதியிலேயே வந்துவிடும். வால் போனாலும் தலையில் உயிர் இருக்கும் என்பது அதனால்தான். பொருளடக்கத்தைப் பார்க்காமல், முன்னாலிருந்து சீட்டு சீட்டாகப் படித்துப் பெட்டியைத் திரும்பக் கட்டும் ஜிப் கருவிகள் உண்டு. அப்படித்தான் திறந்தேன்.

அழுத்திச் சுருக்கிய எழுத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. பின்னால் வருவது முன்னால் வந்ததைச் சுட்டிக்காட்டியே எழுதப்படுகிறது. 'மேற்படி மேற்படி' என்று எழுதும் பத்திரம்போல. நடுவில் ஒரு துண்டு கெட்டால், அதற்குப் பின்னால் இருப்பது நல்ல நிலையில் இருந்தாலும் படிக்க முடியாமல் போகும். அகர வரிசையில் வந்துகொண்டிருந்த சொற்கள், "தூக்குக்குண்டு: சுவரோ பலகையோ நேர்" என்ற இடத்தில் நின்றுவிட்டன. நேர்க்குத்தாக என்று எழுதவந்த சொல் முடியவில்லை. அதற்குப் பிறகு நகர வரிசை முதல் எதுவும் இல்லை.

கிடைத்ததும் உடனே படிக்கும்படி இல்லை. எக்ஸ்எம்எல் குறிச்சொற்களை நீக்கிவிட்டு எழுத்தை மட்டும் எடுக்க ஒரு சிறு நிரல் கிடைத்தது. அது ஒவ்வொரு துண்டுக்கும் பின்னால் ஒரு இடைவெளி போட்டது. ஆங்கிலத்தில் இதனால் பெரிய கேடில்லை. வேர்ட் தமிழ்ச் சொல்லை நடுவிலேயே துண்டாக்கியிருந்தது: எழுத்துப்பிழை பார்த்த இடத்தில், திருத்திய இடத்தில், மொழி மாறியது என்று நினைத்த இடத்தில். கொட்டாப்புளியின் ளகரம் ஒரு துண்டில், இகரக் குறி இன்னொன்றில். குறி மட்டும் ஒரு புள்ளிவட்டத்தின் தலையில் தொங்கிக்கொண்டு நின்றது. பத்திக் குறிக்கு மட்டும் புது வரி, மற்ற எல்லாவற்றையும் ஒட்டு என்று நிரலை மாற்றியதும் சொற்கள் ஒன்றுகூடின. அந்த நிமிடத்தில் இழைப்புளி முழுசாக வந்து நின்றதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது.

பழைய டாக் கோப்பு வேறு கதை. அதற்காகத்தான் ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். டாக் கோப்பில் எழுத்து அழுத்தப்படுவதில்லை, இருந்தபடியே இருக்கும். பாமினியில் எழுதியதெல்லாம் வெறும் ஆங்கில விசை எழுத்துகள் என்பதால் ஓர் எழுத்துக்கு ஒரு பைட், திறந்த புத்தகம். கெட்ட கோப்புகளிலிருந்து வாசகங்களைப் பொறுக்கி எடுக்கும் பழைய கருவிகள் ஆங்கில எழுத்தை மட்டுமே எழுத்து என்று எண்ணும். யூனிகோடுத் தமிழைத் தாண்டிப் போய்விடும். டிஸ்கி, டாப் என்ற பழைய தமிழ் எழுத்து முறைகளில் எழுதியதையும் விட்டுவிடும், அவற்றின் தமிழ் 128க்கு மேற்பட்ட எண்களில் இருப்பதால். பாமினி மட்டும் ஆங்கில வேடத்தில் இருந்ததால் பிழைத்தது. இத்தனை வருடம், தரமில்லாத முறை, தேட முடியாது, இணையத்தில் போட முடியாது என்று நான் திட்டிய பாமினி. இப்போதும் அதில் எழுதாதீர்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் அன்றைக்கு அதற்கு நன்றி சொன்னேன்.

டிரைவின் கட்ட அளவு 4,096 பைட். ஒரு கட்டத்துக்கு ஏறக்குறைய இரண்டு பக்கம். சங்கிலி துடைக்கப்பட்டதால் எது எதற்குப் பின் என்று தெரியாது. 'பெரம்பூர்' என்ற சொல்லைப் பாமினி விசைகளில் தட்டிப் படிமம் முழுக்கத் தேடினேன். 'ஷாப்' என்று தேடினேன். பெரியப்பாவின் நண்பர்கள் பெயர்களைத் தேடினேன். அகப்பட்ட கட்டங்களையெல்லாம் யூனிகோடுக்கு மாற்றி, தாளில் அச்சிட்டு, கூடத்துத் தரையில் பரப்பினேன். கயிறு அவிழ்ந்த ஏட்டுக்கட்டு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. ஒரு தாளின் கடைசிச் சொல் "வில்லிவா" என்று நின்றால், "க்கம்" என்று தொடங்கும் தாளைத் தேடவேண்டும். பாமினியில் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரம் எல்லாம் கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி மெய்க்கு முன்னாலேயே எழுதப்படும். ஒரு கட்டம் கொம்போடு முடிந்து, மெய் அடுத்த கட்டத்தின் தலையில் இருந்தால், யூனிகோடுக்கு மாற்றும் மென்பொருள் இரண்டையும் தனித்தனியே அடித்துத் திரித்துவிடும். அப்படிப்பட்ட ஓரங்களை மாற்றுவதற்கு முன்பே ஒட்டவேண்டும். இரண்டு வாரம் அந்தத் தரையில் உட்கார்ந்தேன். பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்து, "அது அறுபத்தெட்டு ஸ்டிரைக்குக்கு முன்னாடிம்மா, இந்தப் பக்கம் வை" என்று வழிகாட்டினார். அவர் உயிரோடு, நினைவோடு இருந்தது பெரிய கொடுப்பினை.

ஒன்பதாம் நாள், எந்த இடத்திலும் ஒட்டாத ஒரு துண்டு வந்தது. இரண்டு பத்தி. படிக்க ஆரம்பித்த பிறகுதான் அது என் அப்பாவைப் பற்றியது என்று தெரிந்தது. அண்ணன் தம்பிக்குள் நடந்த ஒரு மனத்தாங்கல். கோபமான எழுத்து.

வேர்ட் 2000இல் 'வேகச் சேமிப்பு' என்று ஒரு வசதி இருந்தது. ஒவ்வொரு முறையும் கோப்பை முழுதாகத் திருப்பி எழுதாமல், மாற்றங்களை மட்டும் கடைசியில் சேர்த்துக்கொண்டே போகும். நாம் அழித்த வரி திரையில் இருக்காது, கோப்புக்குள் இருக்கும். பெரியப்பாவிடம் அதைச் சொல்லாமல் மறைத்துவிடலாமா என்று ஒரு இரவு முழுக்க யோசித்தேன். மறைப்பது தப்பு என்று தோன்றியது. அது அவருடைய எழுத்து. தாளைக் கொடுத்தேன்.

நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "எழுதறப்ப கோவத்துல எழுதிட்டேன். உங்கப்பா போனப்புறம், பதினாறாம் நாள் முடிஞ்சு வந்து உக்காந்து அழிச்சேன். அழிச்சது எப்படிம்மா வந்துச்சு?"

விளக்கினேன். "நீ படிச்சியா?" என்றார். படித்தேன் என்றேன். "அவன் மேல தப்பு இல்லம்மா" என்றார். அந்தத் தாளைக் கிழித்தோம். படிமத்தில் அந்தக் கட்டத்தைத் தேடிப்போய்ப் பூஜ்ஜியங்களால் நிரப்பினேன். இதைப் பற்றி எழுதலாமா என்று அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இப்போது எழுதுகிறேன்.

தொலைந்ததை மீட்பவர்களுக்கு எல்லாவற்றையும் கொண்டுவந்துவிட வேண்டும் என்ற வெறி வந்துவிடுகிறது. எனக்கும் வந்தது. எழுதியவர் விரும்பி அழித்ததும் விபத்தில் போனதும் ஒரே குவியலில் கிடக்கும். பிரித்தறிய மென்பொருளுக்குத் தெரியாது. எழுதியவரைக் கேட்டாகவேண்டும். அவர் இல்லாவிட்டால், ஒட்டாத துண்டைச் சேர்த்து வைக்க எனக்குத் துணிவில்லை.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. மொத்தம் 6 கட்டங்கள் எங்கும் கிடைக்கவில்லை. மேலே வேறு ஏதோ எழுதப்பட்டிருந்தது. அலுவலகத்தில் ஒரு தோழர், முன்னும் பின்னும் இருப்பதை ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கொடுத்தால் அழகாக நிரப்பிக் கொடுத்துவிடும் என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். அது எழுதித் தருவது பெரம்பூர்போல இருக்கும், பெரியப்பாபோலவும் இருக்கலாம். நடந்ததாக இருக்காது. அதற்குப் பிறகு எந்த வரி அவருடையது என்று யாராலும் சொல்ல முடியாது.

உ.வே.சா. 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். அதில் 267, 268ஆம் பாடல்கள் இன்றுவரை இல்லை. பல பாடல்களில் சிதைந்த அடிகள் இருந்த இடத்தில் புள்ளிகளைத்தான் இன்றும் அச்சில் பார்க்கிறோம். அவ்வளவு தமிழ் தெரிந்தவருக்கு, யாப்புக்குப் பொருந்த இரண்டு அடி எழுதிச் சேர்ப்பது ஒரு நாழிகை வேலையாக இருந்திருக்கும். சேர்க்கவில்லை. பள்ளியில் படித்தபோது அந்தப் புள்ளிகளைத் தாண்டிப் போயிருக்கிறேன். கூடத்துத் தரையில் உட்கார்ந்திருந்தபோதுதான், அந்தப் புள்ளிகளை வைக்க எவ்வளவு கட்டுப்பாடு வேண்டும் என்று தெரிந்தது.

ஆகவே நாங்களும் புள்ளி வைத்தோம். அகராதியில் நகர வரிசை முதல் உள்ள சொற்களைப் பெரியப்பா புதிதாகச் சொல்ல நான் எழுதினேன். மரையும் ரசமட்டமும் திரும்ப வந்தன. அந்தப் பகுதியின் தலையில், இது இரண்டாம் முறை எழுதியது என்று தேதியோடு குறித்திருக்கிறோம். முதலில் எழுதியதில் ரசமட்டத்துக்கு ஒரு செல்லப்பெயர் இருந்தது. அது அவருக்கு வரவில்லை. அங்கே புள்ளிகள்.

இப்போது மூன்று பிரதிகள் இருக்கின்றன. ஒன்று அவர் கணினியில், ஒன்று என்னிடம், ஒன்று பெங்களூரில் என் தம்பி வீட்டில். யூனிகோடில், வெறும் எழுத்துக் கோப்பாகவும் தனியே சேமித்திருக்கிறேன். அதில் பெட்டியும் பொருளடக்கமும் கிடையாது. ஒரு பைட் கெட்டால் ஓர் எழுத்துதான் கெடும். தாளில் அச்சிட்டுப் பைண்ட் செய்ததும் ஒன்று இருக்கிறது.

அந்தப் பைண்டில் 43ஆம் பக்கம், அவரும் அவரோடு வேலைக்குச் சேர்ந்தவர்களுமாக 14 பேரின் பட்டியல். கட்டம் உடைந்த இடத்தில் மூன்று பெயர்கள் போய்விட்டன. இரண்டை அவரே ஒரு வாரத்துக்குள் நினைவுக்குக் கொண்டுவந்தார். ஒன்று வரவில்லை. "கடலூர்க்காரன். நல்ல உயரம். மதியம் சோத்துல மீன் இல்லாம சாப்பிட மாட்டான். பேரு மட்டும் நாக்கு நுனியில நிக்குதும்மா." தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் செய்து பார்த்தார். பதிலளிக்கக்கூடியவர்கள் இப்போது மூன்று பேர்தான். அவர்களுக்கும் நினைவில்லை.

பிரிண்டுக்குக் கொடுக்கும் முன் கேட்டேன். "பெரியப்பா, அந்த வரிய எடுத்துட்டு பதிமூணுன்னு போட்டுடவா?"

"வேணாம்மா. பதினாலு பேர்தான் சேர்ந்தோம்."

பன்னிரண்டாவது எண்ணுக்கு எதிரே புள்ளிகள் வைத்தேன். ஒரு பெயர் எழுதும் அளவுக்கு இடம் விடச் சொன்னார். விட்டிருக்கிறேன். பைண்டின் அட்டைக்குள் ஒரு பென்சில் செருகி வைத்திருக்கிறார்.